வளைவில் கார் சொல்பேச்சு கேட்கவில்லையா? பின்புற எஞ்சின் ஸ்போர்ட்ஸ் காரை டிராக்கில் ஓட்டுவோருக்கான பிழை நீக்கும் வழிமுறை

டிராக்கில் சில சுற்றுகள் ஓட்டிவிட்டு, காரை நிறுத்திச் சரிபார்க்கும் இடமான பிட்டுக்குள் வந்ததும் பலரும் முதலில் குனிந்து பார்ப்பது டயரைத்தான். காற்றைக் குறைக்கலாமா, அலைன்மென்ட் தப்பியிருக்குமா, சஸ்பென்ஷனை இறுக்கலாமா என்று பேச்சு காரைச் சுற்றியே போகும். போர்ஷே 911 போல, பின் அச்சுக்கும் பின்னால் எஞ்சினைச் சுமக்கும் காரில் நான் தேடும் வரிசை வேறு. முதலில் இருக்கை, அடுத்து பாதங்கள், பிறகு கண்கள். இவை மூன்றும் சரியாக இருந்தும் கோளாறு தீரவில்லை என்றால்தான் ஸ்பேனர். பெரும்பாலான கோளாறுகள் கருவிப்பெட்டியைத் திறக்கும் முன்பே பிடிபட்டுவிடும்.

காரணம் எளிது. இந்தக் காரை வளைப்பதில் கைகளுக்குப் பாதி வேலைதான்; மறுபாதி பாதங்களுடையது. 911-இன் எடையில் சுமார் 60 சதவீதம் பின் அச்சின்மேல் இருக்கிறது. பின்பாரம் ஏறிய வண்டியில் நுகத்தடி மாட்டின் கழுத்தில் பதியாமல் எழும்புமே, அப்படித்தான் முன் டயர்களும் தரையில் லேசாகப் பதிகின்றன. 1 ஜி அளவுக்கு, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்துக்கு இணையாக, பிரேக் போட்டால் மொத்த எடையில் தோராயமாக ஐந்தில் ஒரு பங்கு முன்னால் வந்து சேரும்; 40க்கு 60 என்றிருந்தது ஏறத்தாழ 60க்கு 40 ஆகிவிடும். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் அது பின்னுக்குப் போகும். வலது பாதத்தின் ஒரு விரற்கடை அசைவில் முன் டயருக்குப் பிடி கூடும் அல்லது குறையும். ஸ்டியரிங்கைப் பற்றித் தொங்கிக்கொண்டிருப்பவரால் பாதத்தை அவ்வளவு நுணுக்கமாக அசைக்க முடியாது.

அறிகுறி: கைகள் விறைக்கின்றன, தோள் வலிக்கிறது, முழங்கால் கதவில் இடித்துக் கன்றிப்போகிறது

இதைக் களைப்பு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். இருக்கை தவறாக இருப்பதற்கான முதல் அறிகுறி இதுதான்.

நான் கற்கத் தொடங்கிய நாட்களில் ஒரு நீண்ட வலது வளைவில் காரைச் சுழல விட்டுவிட்டேன். ஸ்டியரிங்கைத் திருப்பியதில் என்ன தவறு என்று பயிற்சியாளர் சொல்வார் எனக் காத்திருந்தேன். அவர் காரை நிறுத்தச் சொல்லி, ஒரு தாளை நான்காக மடித்து என் வலது தோளுக்கும் இருக்கையின் முதுகுப் பகுதிக்கும் நடுவே செருகினார். "இப்போது ஸ்டியரிங்கை அரைச் சுற்று இடப்பக்கம் திருப்புங்கள்" என்றார். வலது கை மேலேறிப் போகப் போகத் தோள் எழும்பியது. தாள் நழுவி மடியில் விழுந்தது. வளைவு முழுவதும் நான் ஸ்டியரிங்கில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. பிடித்துக்கொள்ள வேறு இடமில்லாத உடம்பு ஸ்டியரிங்கைப் பிடிக்கும். அப்படிப் பிடித்த கைக்கு முன் டயர் சொல்லும் சேதி எட்டாது. இருக்கையை இரண்டு பல் முன்னால் தள்ளி, முதுகுப் பகுதியைச் சற்று நிமிர்த்தினோம். அன்று மாலை வரை தாள் விழவில்லை. இன்றும் புதிய காரில் ஏறினால் இந்தச் சோதனையைச் செய்யாமல் நான் டிராக்கில் இறங்குவதில்லை.

இருக்கையைச் சரிசெய்யும்போது ஹெல்மெட் அணிந்திருங்கள். ஹெல்மெட் இல்லாமல் அமைத்த இருக்கை, ஹெல்மெட் போட்டதும் கூரையில் இடித்து உங்களைக் குனிய வைக்கும். இடுப்பை இருக்கையின் அடிமூலை வரை பின்னால் தள்ளி உட்காருங்கள். அங்கே ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தாலும் பின் டயர் நழுவத் தொடங்குவதை உணரத் தாமதமாகும். பின் டயரின் அசைவைக் கண்ணுக்கு முன்பே அறிவது இடுப்புதான். உயரத்தைப் பொறுத்தவரை, ஹெல்மெட்டுக்கும் கூரைக்கும் நடுவே ஒரு முஷ்டி நுழைய வேண்டும். அதற்குள் எவ்வளவு தாழ்வாக உட்கார முடியுமோ உட்காரலாம், ஆனால் ஸ்டியரிங்குக்கு மேலாகச் சாலை தெரிய வேண்டும். தாழ உட்கார்ந்தால்தான் பந்தய வீரர் என்று எண்ணி, வளைவின் உள்விளிம்பே தெரியாமல் ஓட்டுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது.

அடுத்து பெடலுக்கான தூரம். எஞ்சினை ஓடவிட்டு பிரேக்கை அவசரத்துக்கு மிதிப்பதுபோல முழு பலத்தோடு மிதியுங்கள். அந்த நிலையிலும் முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும். கிளட்ச் இருந்தால் இடது காலுக்கும் இதே சோதனை. கால் முழுதாக நீண்டுவிட்டால் மிதிப்பது தொடையின் வலிமை அல்ல, நுனிவிரலின் எட்டல். பிறகு முதுகுப் பகுதி: தோள் ஒட்டியிருக்கும்போதே மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் உட்கார வேண்டும். கைகளை 9 மணி, 3 மணி இடங்களில் வைத்தால் முழங்கை நன்றாக மடிந்திருக்கும். ஸ்டியரிங்கை முன்பின் இழுக்க வசதியிருந்தால் அதைக் கடைசியில் நகர்த்துங்கள். பெடலுக்காக அமைத்த தூரத்தைக் கைக்காக மாற்றாதீர்கள்.

இடது பாதம் சும்மா இருக்கும் நேரமெல்லாம் அதற்கான ஓய்வுமேடையில் பதிந்திருக்கட்டும். அதை உதைத்து இடுப்பை இருக்கைக்குள் அழுத்தினால் மேலுடம்பு தளர்ந்து, கைகள் விடுதலை பெறும். சாதாரண மூன்று முனை பெல்ட் மட்டும் இருந்தால் இருக்கையைச் சற்றுப் பின்னால் தள்ளி பெல்ட்டைப் போட்டு, வெடுக்கென இழுத்துப் பூட்ட வைத்து, அந்த இறுக்கத்தோடு இருக்கையை முன்னால் கொண்டுவாருங்கள். உடம்பு அசையாமல் பிடித்துக்கொள்ளும். ஆறு முனை பெல்ட் என்றால் இடுப்புப் பட்டையை வயிற்றின் மேல் விடாமல் இடுப்பெலும்பின் மேல் தாழ்வாக முதலில் இறுக்கி, பிறகு தோள்பட்டைகளை இறுக்க வேண்டும். கழுத்துக் காப்பு இல்லாமல் அதை அணிய வேண்டாம். உடம்பு கட்டுண்டு தலை மட்டும் முன்னால் பாயும் நிலை மிக ஆபத்தானது.

பழைய 911 வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். காற்றுக் குளிர்விப்பு எஞ்சின் கொண்ட அந்தத் தலைமுறைகளில் பெடல்கள் தரையிலிருந்து எழும்பி நிற்கும். முன் சக்கர வளைவு இடத்தை எடுத்துக்கொள்வதால் காரின் மையத்தை நோக்கிச் சற்று ஒதுங்கியும் இருக்கும். பெடலுக்கேற்ப இடுப்பைத் திருப்பி உட்கார்ந்தால் ஒரு பக்க வளைவில் மட்டும் தடுமாறுவீர்கள். இடுப்பும் தோளும் நேராக இருக்க, பாதங்கள் மட்டும் சாய்வாகப் போகட்டும்.

அறிகுறி: ஸ்டியரிங்கைத் திருப்பியும் முன்பக்கம் வளைய மறுத்து நேராகப் போகிறது

வளைவின் நுழைவிலேயே இது நடந்தால், பெரும்பாலும் பிரேக்கிலிருந்து காலைச் சட்டென்று எடுத்திருப்பீர்கள். முன்னால் வந்திருந்த எடை ஸ்பிரிங்கோடு சேர்ந்து துள்ளிப் பின்னுக்கு ஓடிவிடுகிறது. பிடி மிகக் குறைந்த அந்த நொடியில் போய் நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்புகிறீர்கள். முன் எஞ்சின் காரில் பழகியவர்களுக்கு இது தொடர்ந்து வரும். அங்கே முன் டயர்மேல் எஞ்சின் இருக்கிறது, பிரேக்கை விட்டாலும் மன்னிக்கும். இங்கே அந்தப் பாரம் பிரேக்கில் இருக்கும் உங்கள் பாதத்திலிருந்துதான் வர வேண்டும்.

தீர்வு டிரெயில் பிரேக்கிங். கடினமான பிரேக்கை நேர்கோட்டில் முடித்துவிட்டு, கடைசி ஐந்தில் ஒரு பங்கு அழுத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு வளைவுக்குள் நுழையுங்கள். ஸ்டியரிங் கூடக்கூட பிரேக் குறைய வேண்டும். ஸ்டியரிங்குக்கும் பிரேக் பெடலுக்கும் நடுவே ஒரு கயிறு கட்டியிருப்பதாக எண்ணிக்கொள்ளலாம்; கை திருப்பினால் பாதம் எழும்பும். முதலில் மிதமான வேகத்தில், ஓடிக்கடக்க நிறைய இடமுள்ள ஒரே ஒரு வளைவில் பழகுங்கள். பாதத்தை விடும்போது மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். மூன்றில் பிரேக் முழுதாக விட்டிருக்க வேண்டும். சில சுற்றுகளில் காரின் மூக்கு தானாக உள்ளே இழுக்கப்படுவதை உணர்வீர்கள்.

முன்பக்கம் வழுக்கத் தொடங்கிவிட்ட பிறகு ஸ்டியரிங்கை மேலும் திருப்புவதில் பயனில்லை. டயர் ஏற்கெனவே தாங்கும் கோணத்தைத் தாண்டிவிட்டது. கொஞ்சம் நேராக்கி, ஆக்சிலரேட்டரை மெல்லத் தளர்த்திக் காத்திருங்கள்.

அறிகுறி: நுழைவு நன்றாக இருந்தது, பாதி வளைவில் ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் கார் வெளியே ஒதுங்குகிறது

அவசரம். வேறொன்றுமில்லை. நல்ல முடுக்கத்தில் மொத்த எடையில் இன்னும் பத்தில் ஒரு பங்கு வரை பின்னுக்குப் போகலாம். முன் டயரில் மிச்சமிருப்பது 30 சதவீதத்தை ஒட்டிய பாரம்தான். ஸ்டியரிங்கை நேராக்கத் தொடங்கும் வரை ஆக்சிலரேட்டரைக் கூட்டாதீர்கள். அதுவரை வேகம் கூடாமலும் குறையாமலும் காக்கும் அளவுக்கு மட்டும் மிதித்திருந்தால் போதும்.

காத்திருந்தால் இந்தக் கார் கணக்கைத் தீர்த்துவிடும். ஸ்டியரிங் நேராகும்போது முழுதாக மிதித்தால் பின் டயர்கள் எஞ்சினின் எடையோடு தரையைக் கவ்வி உதைக்கும் உதையை முன் எஞ்சின் கார்கள் எளிதில் தர முடியாது. பின்புற எஞ்சின் கொண்ட பிரெஞ்சுக் காரான ஆல்பைன் ஏ110, சிறிய எஞ்சினோடு 1973இல் முதல் உலக ராலி சாம்பியன்ஷிப்பை வென்றதில் இந்தப் பின்புறப் பிடிக்கும் பங்குண்டு.

அறிகுறி: வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்பக்கம் வீசிக்கொண்டு வருகிறது

பின்புற எஞ்சின் காருக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது இதுதான். போர்ஷே இதோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியது. தொடக்க கால 911-களில் முன் பம்பருக்குள் வார்ப்பிரும்பு எடைகளை வைத்துப் பார்த்தார்கள். 1969 மாடலில் எஞ்சினை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு பின் சக்கரங்களை 57 மி.மீ. பின்னால் நகர்த்தி, அச்சிடைத் தூரத்தை 2,211 மி.மீட்டரிலிருந்து 2,268 மி.மீட்டராக்கினார்கள். 1993இல் வந்த 993 தலைமுறையில் பின் சஸ்பென்ஷனையே பல இணைப்புக் கம்பிகள் கொண்டதாக மாற்றினார்கள். இன்றைய 911 ஜிடி3-இல் முன் டயர் 255 மி.மீ. அகலம், பின் டயர் 315 மி.மீ. இத்தனைக்குப் பிறகும் எடை இருக்கும் இடம் மாறவில்லை. வாலில் கட்டிய குண்டு ஊசலாடத் தொடங்கினால் ஊசலாடத்தான் செய்யும்.

நடப்பது இது. வளைவில் பின் டயர்கள் பக்கவாட்டில் முழு உழைப்பில் இருக்கின்றன. அந்நேரம் காலை எடுத்தால் எடை முன்னால் பாய்கிறது, பின் டயரின்மேல் இருந்த பாரம் குறைகிறது. போதாதற்கு, எஞ்சின் பின் சக்கரங்களை மட்டும் பிடித்து இழுத்து மெதுவாக்குகிறது. முன் டயருக்குப் பிடி கூடி மூக்கு உள்ளே குத்துகிறது. பின்னாலிருக்கும் கனம் வந்த வேகத்திலேயே நேராகப் போகப் பார்க்கிறது. சுழல்கிறது.

கால் ஏன் எழும்பியது என்பதுதான் கேள்வி. கிட்டத்தட்ட எப்போதும் பதில் அந்தப் பயத்துக்குச் சில நொடிகள் முன்னால் இருக்கிறது: நுழைவு வேகம் அதிகம், அல்லது வளைவின் உள்விளிம்பைத் தொடும் புள்ளியான ஏபெக்ஸை மிகச் சீக்கிரம் தொட்டுவிட்டீர்கள். சீக்கிரம் தொட்டால் வெளியேறும் இடத்தில் சாலை போதாது. சாலை முடிவது கண்ணில் படுகிறது, கால் தானாக எழும்புகிறது. ஆகவே "காலை எடுக்காதே" என்று மட்டும் சொல்லிக்கொடுப்பதை நான் ஏற்பதில்லை. பயந்த கால் எந்த அறிவுரைக்கும் கட்டுப்படாது. கால் எழும்ப வேண்டிய தேவை வராதபடி நுழைய வேண்டும். பிரேக்கைப் பத்து மீட்டர் முன்னால் தொடங்குங்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும் இடத்தை ஒரு கார் நீளம் தள்ளிப்போடுங்கள். ஏபெக்ஸ் தள்ளிப்போகும், வெளியேறும்போது சாலை மிச்சமிருக்கும்.

அதையும் மீறி வேகம் அதிகமென்று நடுவளைவில் தெரிந்தால், ஆக்சிலரேட்டரை ஒரு விரற்கடை மட்டும் தளர்த்துங்கள். அந்தச் சிறு தளர்வில் மூக்கு அழகாக உள்ளே வரும். வாலை வீச வைக்கும் அதே எடை இடம்பெயர்வுதான், அளவு மட்டும் வேறு. தேர்ந்தவர்கள் இதையே காரை வளைக்கும் கருவியாகப் பயன்படுத்துகிறார்கள்.

வால் வீசத் தொடங்கிவிட்டதா? பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இங்கே அது அப்படியே பொருந்தும். பார்வையைப் போக வேண்டிய இடத்தில் வையுங்கள், சுவரில் வைக்காதீர்கள். வால் போகும் பக்கம் ஸ்டியரிங்கை உடனே திருப்புங்கள். ஆக்சிலரேட்டரை முழுதாக விடாமல் இலேசாக வைத்திருங்கள். பிரேக்கைத் தொட வேண்டாம். பிறகு வருவதுதான் பலரையும் வீழ்த்துவது. வால் திரும்பி வரத் தொடங்கியதும் ஸ்டியரிங்கும் அதே வேகத்தில் நேராக வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் பின்கனம் எதிர்ப்பக்கம் முதல் வீச்சைவிட வேகமாக வீசும். தோள் இருக்கையில் ஒட்டியிருப்பவரின் கை இதைத் தொடர்ந்து செய்யும். தொங்குபவரின் கை முதல் வீச்சிலேயே குழம்பிவிடும். கார் கைமீறிச் சுழன்றேவிட்டது என்றால் கிளட்சையும் பிரேக்கையும் ஒருசேர முழுதாக மிதித்து நிற்கும் வரை விடாதீர்கள். சுழன்ற கார் பிரேக்கோடு நேராக வழுக்கும், பின்னால் வருபவர் அது போகும் திசையைக் கணிக்க முடியும்.

அறிகுறி: பிரேக் போடும்போதே பின்பக்கம் நெளிகிறது

கியரைக் குறைக்கும்போது நெளிந்தால், எஞ்சின் சுழற்சியை ஏற்றாமல் கிளட்சை விடுகிறீர்கள். பின் சக்கரங்கள் ஒரு கணம் கட்டுப்பட்டு வழுக்குகின்றன. பிரேக்கில் முன்பாதம் இருக்கும்போதே பாதத்தின் வெளிவிளிம்பால் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, அதன்பின் கிளட்சை விடுங்கள். எட்டவில்லை என்றால் இருக்கை தூரத்தில் இருக்கிறது. இந்தத் தட்டு கைவரும் வரை கியர் குறைப்பதை நேர்கோட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள். கியருக்குச் சம்பந்தமில்லாமல் நெளிந்தால் கடினமாக பிரேக் போட்டபடியே ஸ்டியரிங்கைத் திருப்புகிறீர்கள் என்று பொருள்.

அறிகுறி: வலது பாதம் நடுங்குகிறது, ஆக்சிலரேட்டர் சீராக நிற்கவில்லை

மேடுபள்ளமான வளைவில் கார் முன்னும் பின்னும் தலையாட்டினால் இதுதான் காரணம். குதிகால் தரையில் ஊன்றவில்லை. மெல்லிய அடியுள்ள காலணி அணியுங்கள், குதிகாலைப் பதித்துப் பெருவிரல் பக்கத்தால் மட்டும் அழுத்துங்கள்.

அறிகுறி: ஒரு பக்க வளைவில் மட்டும் கோளாறு

முதலில் தாள் சோதனையை இரு பக்கமும் செய்து பாருங்கள். உடம்பு ஒரு பக்கம் சரிந்தால் அந்தப் பக்கத் தொடைக்கும் கதவுக்கும் அல்லது நடுமேடைக்கும் நடுவே அடர்த்தியான பஞ்சுத் திண்டு ஒன்றை உறுதியாகப் பொருத்திக்கொள்ளலாம். பெடல் பக்கம் நழுவாதபடி கட்டப்பட்டிருக்க வேண்டும். உடம்பு அசையவில்லை, கோளாறு மட்டும் இருக்கிறது என்றால், இப்போது ஸ்பேனருக்கு வேலை: அலைன்மென்டையும் நான்கு டயர்களின் தேய்மானத்தையும் பாருங்கள்.

அறிகுறி: முதல் பத்து நிமிடம் நன்றாக இருந்த கார் பிறகு வழுக்குகிறது, பிரேக் பெடல் உள்ளே போகிறது

இவை காருடையவை. டயர் சூடேறச் சூடேற உள்ளே அழுத்தம் பல பிஎஸ்ஐ ஏறும். குளிர்ந்திருக்கும்போது சரியாக இருந்த காற்று சூட்டில் மிகையாகிவிடும். உள்ளே வந்ததும் டயர் ஆறும் முன்பே அளந்து, நான்கையும் தயாரிப்பாளர் டிராக்குக்குச் சொன்ன சூட்டு அளவுக்குக் கொண்டுவாருங்கள். முன்னையும் பின்னையும் ஒரே அளவில் வைக்கும் பழக்கம் இந்தக் காருக்கு ஒத்துவராது. காற்றை இறக்கியிருந்தால் வீடு திரும்பும் முன் மீண்டும் நிரப்ப மறக்காதீர்கள்.

பெடல் உள்ளே போனால் அந்தச் சுற்றோடு ஓட்டத்தை நிறுத்துங்கள். பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் கொதிநிலை இறங்கும். கொதித்தால் குழாயில் ஆவிதான் இருக்கும், அழுத்தம் இருக்காது. அதிக கொதிநிலை கொண்ட புதிய திரவத்தை மாற்றிக் காற்று நீக்காமல் மறுபடி இறங்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் கடைசிச் சுற்றை பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். நிறுத்தியதும் கைபிரேக்கை இழுக்காமல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு அடைகல் வையுங்கள்.

அறிகுறி: கார் ஒழுங்காகத்தான் போகிறது, ஆனால் நிலைப்படுத்தும் கருவியின் விளக்கு அடிக்கடி சிமிட்டுகிறது

அப்படியானால் கார் ஒழுங்காகப் போகவில்லை, கருவி ஒழுங்காக்கிக்கொண்டிருக்கிறது. அதை அணைக்க வேண்டாம். எந்த வளைவில், நுழையும்போதா நடுவிலா வெளியேறும்போதா சிமிட்டுகிறது என்று ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் குறித்து வையுங்கள். நுழைவு என்றால் பிரேக்கை விடும் விதம், நடு என்றால் தளர்ந்த கால், வெளியேற்றம் என்றால் முந்திய ஆக்சிலரேட்டர். அந்தந்த அறிகுறிக்கு மேலே போய், ஒரு ஓட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம் என்று செய்து பாருங்கள். அதே வேகத்தில் அந்த விளக்கு எரியாமல் ஒரு முழு ஓட்டம் முடியும் வரை வேகத்தைக் கூட்டாதீர்கள்.